பகை நரம்பு: சேர்ந்து பாடுவதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எங்கள் பக்கத்து ஊர்களில் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். முன்பாட்டுக்காரி ஓரடி எடுத்துக் கொடுப்பாள். வட்டத்தில் நிற்கிற பத்து இருபது பேர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஆனால் வட்டம் ஒன்றல்ல. தெருவுக்கு ஒரு வட்டம். தெரு என்றால் சாதி என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஒரே மெட்டு, ஒரே மழைக்கான வேண்டுதல், நடுவில் ஒரு முடுக்கு. நாட்டார் பாடலின் 'கூட்டுத்தன்மை' பற்றி எம்.ஏ. வகுப்பில் நான் படித்தவற்றில் பெரும்பகுதி இந்த முடுக்கைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய குரல் என்னுடையது. வேலைக்காக மதுரைக்கு வந்த பிறகு ஒரு சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தேன். இருபது பேர் இருப்போம். ஒருவர்கூட முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை. பள்ளி ஆசிரியர்கள், மருந்துக்கடையில் நிற்பவர், ஓய்வுபெற்ற தபால்காரர், இரண்டு நர்ஸ்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நின்று பாடுவோம். ஜார்ஜியா நாட்டுப் பாட்டு ஒன்று, தென்னாப்பிரிக்கப் பாட்டு ஒன்று, வங்காளப் படகுப் பாட்டு ஒன்று, தஞ்சைப் பக்கத்து நடவுப் பாட்டு ஒன்று. எல்லாமே ஹார்மனியோடு. அதாவது ஒரே நேரத்தில் மூன்று நான்கு மெட்டுகள்.

முதல் மாதம் முழுவதும் தோற்றேன். என்னைப் பெண்களில் கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தினார்கள். பாட்டு ஆரம்பித்த நாலாவது அடியில் பக்கத்து வரிசையின் மெட்டுக்கு என் குரல் தானாக வழுக்கிப் போய்விடும். கும்மியில் வளர்ந்த தொண்டைக்கு அதுதானே இயல்பு? கேட்டதைத் திருப்பிப் பாடத்தான் நமக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பக்கத்து ஆளை நல்லாக் கேளுங்க. ஆனா அவங்க பாட்டைப் பாடாதீங்க." காதைப் பொத்திக்கொண்டால் சுருதி போய்விடும், காதை முழுசாகக் கொடுத்தால் என் மெட்டு போய்விடும்.

செல்போனில் பதிவுசெய்து ஊருக்கு எடுத்துப்போய் அம்மாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். பாதி வரை கேட்டுவிட்டு, "ஏத்தா, ஆளாளுக்கு ஒண்ணு பாடுனா அது பாட்டா, சந்தையா?" என்றாள்.

அம்மாச்சியின் கேள்வியை இசைரசனைப் பிரச்சினையாக மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தமிழ்ச் சிறுபத்திரிகைச் சூழலில் பக்தின் பெயரைச் சொல்லாமல் நாவல் பற்றிப் பேச முடியாத ஒரு காலம் இருந்தது. 'பல்குரல் தன்மை' என்று எழுதினோம், படித்தோம். 1929இல் தாஸ்தாயெவ்ஸ்கி பற்றி எழுதும்போது பக்தின் அந்தச் சொல்லை இசையிலிருந்துதான் எடுத்தார். நாமோ அதை நாவலில் வைத்துக்கொண்டு, அது புறப்பட்டு வந்த இடத்தில் பல குரல்கள் உண்மையில் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று கேட்கவே இல்லை. அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும் முயற்சி இது.

2

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை, தமிழில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய சேர்ந்திசைக் காட்சிகளில் ஒன்று. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, கெட்ட சகுனம். மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்கு அவள் வைக்கிற பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஏழு பெண்கள், ஏழு நரம்புகள். ஒவ்வொருத்தியும் ஒரு சுரம். எல்லோரும் ஒரே சுரமாகக் கரைவதல்ல, ஆளுக்கொரு இடத்தில் நிற்பதுதான் அந்த வட்டத்தின் அமைப்பு. அவர்கள் ஹார்மனி பாடினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நமது பழம்பெருமைக்காரர்கள் அப்படிச் சொல்லக்கூடும். அந்த வேலை நமக்கு வேண்டாம்.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. பழந்தமிழ் இசையிலக்கணம் நரம்புகளுக்கு இடையிலான உறவுகளுக்கு வைத்த பெயர்களைக் கவனியுங்கள்: இணை, கிளை, நட்பு, பகை. நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றும் ஆறும் பகை. கிளை என்றால் உறவுக்காரர்கள். ஒலிகளுக்கு இடையிலான தூரத்தை ஊருக்குள் இருக்கிற உறவின் பெயரால் அளந்திருக்கிறார்கள். ஆக, இசையிலக்கணம் என்பது சமூக இலக்கணமும்தான்.

இதில் ஒரு வேடிக்கை. மேற்கத்திய ஹார்மனி என்று இன்று உலகம் முழுக்கப் பாடப்படுவதன் அடித்தளமே மூன்றாவது சுரம்தான். சா, க, ப மூன்றையும் சேர்த்து ஒலிப்பதில்தான் அந்தக் கட்டடம் நிற்கிறது. நம் இலக்கணம் எதைப் பகை என்று தள்ளி வைத்ததோ, அதைப் பக்கத்தில் நிறுத்தி ஒரே மூச்சில் பாடவைக்கிறார்கள். அம்மாச்சிக்குச் சந்தையாகக் கேட்டது இதுதான். அவள் காது பழுதில்லை. அந்தக் காதுக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்.

அப்படியானால் ஹார்மனி வெள்ளைக்காரன் சரக்கு என்று முடித்துவிடலாமா? முடியாது. ஜார்ஜிய விவசாயிகளின் மூன்று குரல் பாடலையும், மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் ஆக்கா மக்களின் பல்குரல் பாடலையும் எந்தச் சர்ச்சும் எந்தக் கன்சர்வேட்டரியும் கற்றுக் கொடுக்கவில்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாகாலாந்தின் பேக் பகுதியில் மலைச்சரிவு நெல்வயல்களில் வேலை செய்கிறவர்கள் 'லி' என்கிற பாடல்களைப் பல குரல்களாகப் பிரிந்து பாடுகிறார்கள். மண்ணைக் கொத்துகிறபோதும் மூட்டை சுமந்து ஏறுகிறபோதும் ஒரு வரிசை விட்ட இடத்தில் இன்னொரு வரிசை நுழைகிறது. அனுஷ்கா மீனாட்சியும் ஈஸ்வர் ஸ்ரீகுமாரும் எடுத்து 2017இல் வெளிவந்த ஆவணப்படத்தில் இதைக் காணலாம். இந்த நாட்டுக்குள்ளேயே உழைக்கிறவர்கள் கண்டுபிடித்த ஹார்மனி இருக்கிறது. 'இந்திய இசை என்றால் ஒற்றை மெட்டு' என்று சபாக்களும் பாடப்புத்தகங்களும் சொல்லித் தந்தபோது அந்த வயல்கள் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

3

நவீன இந்தியாவில் சேர்ந்திசை அரசியலாக உருவெடுத்தது பஞ்சத்தில். 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா, தொடங்கப்பட்டது. பினய் ராய் போன்றவர்கள் வங்காளத்திலிருந்து பாட்டுக் குழுக்களோடு கிளம்பி ஊர் ஊராகப் பாடிப் பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். ஆந்திரத்தில் புர்ரகதை, மராட்டியத்தில் அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக் இவர்களின் தமாஷா, போவாடா என்று வட்டாரக் கலைகள் செங்கொடி மேடைக்கு வந்தன. தமிழனுக்கு வங்காளப் பாட்டும், வங்காளிக்குத் தெலுங்குப் பாட்டும் தெரியவந்ததில் சினிமாவுக்கு முன்பே இந்தக் குழுக்களுக்குப் பங்குண்டு.

சலில் சௌத்ரி இங்கே முக்கியமானவர். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்ட மருத்துவராக இருந்த தந்தையிடம் கிராமபோனும் மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டுகளும் இருந்தன. வெளியே தோட்டக் கூலிகளின் பாட்டு இருந்தது. ஒரே வீட்டுத் திண்ணையில் இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் இரண்டையும் ஒரே பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1950களின் பிற்பகுதியில் பம்பாய் யூத் கொயர் அவரால் உருவானது. 1958இல் ரூமா குஹா தாகூர்தா கல்கத்தா யூத் கொயரைத் தொடங்கியபோது சலிலும் சத்யஜித் ராயும் உடன் நின்றார்கள். சர்ச்சுக்கு வெளியே, சாமி பெயர் சொல்லாமல், தெருவில் நின்று நான்கு குரலில் பாடுகிற கூட்டம் இப்படித்தான் இந்தியாவில் உருவானது.

தமிழகத்தில் இந்தக் கண்ணி எம்.பி. சீனிவாசன். 1925இல் பிறந்தவர். மாணவர் இயக்கம் வழியாகக் கம்யூனிஸ்ட் ஆனவர். டெல்லியில் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக இருந்தவர். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு முன் அமிர்தசரஸில் கைதான தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவைத் திருமணம் செய்தவர். நம் ஆட்கள் அவரைச் சினிமா இசையமைப்பாளராகத்தான் அறிவார்கள், அதுவும் மலையாளத்தில். 1960இல் நிமாய் கோஷ் இயக்கத்தில் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு அவர் இசை. இடதுசாரிக் கலைஞர்கள் கூடிச் செய்த அந்தப் படம் ஓடவில்லை. கே.சி.எஸ். அருணாசலமும் ஜெயகாந்தனும் அதில் எழுதிய பாட்டுகள் மட்டும் நின்றன.

ஆனால் எம்.பி.எஸ்.ஸின் பெரிய காரியங்கள் இரண்டு. ஒன்று, திரைப்பட இசைக்கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டியது. வயலின் வாசிப்பவனும் தபேலா வாசிப்பவனும் அன்றைய கூலியை அன்றே கேட்டு வாங்குகிற நிலைமைக்கு வர அது காரணம். மற்றொன்று, 1970களின் தொடக்கத்தில் அமைத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, மெட்ராஸ் யூத் கொயர். பாரதியையும் பல இந்திய மொழிகளின் பாடல்களையும் சாதாரண வேலை பார்க்கிற இளைஞர்களைக் கொண்டு பாடவைத்தார்.

இந்த இரண்டையும் வேறு வேறு வேலையாகப் பார்ப்பது நம் விமர்சனத்தின் கோளாறு. சங்கத்தில் தபேலாக்காரன் வயலின்காரனாக மாற வேண்டியதில்லை. அவனவன் வாத்தியம் அவனவனுக்கு. ஆனால் கூலிக் கோரிக்கை ஒன்று. சேர்ந்திசையிலும் அதுவேதான் நடக்கிறது. ராகத்துக்குள் மேற்கத்தியக் கார்டுகளை அப்படியே கொண்டு திணித்தால் ராகம் நொறுங்கும். அதனால் ஒரு மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டை நடத்துவது, ஒரு வரிசை நீட்டிப் பிடிக்கும்போது மற்றொரு வரிசை நகர்வது என்கிற வழிகளையே இந்த இசைக்காரர்கள் நாட வேண்டியிருந்தது. சுரங்களைக் கூட்டமாக அடுக்குவதைவிட, இரண்டு வழிப்போக்கர்கள் பேசிக்கொண்டே நடப்பதற்கு இது நெருக்கம்.

1988 மார்ச் 9 அன்று எம்.பி.எஸ். லட்சத்தீவில் இறந்தார். அங்கே போயிருந்தது பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை கற்றுத்தர. சென்னைக் குழு அவருக்குப் பின்னும் பாடிவந்தது. திருவனந்தபுரத்தில் அவர் பெயராலேயே ஒரு குழு உருவானது.

4

இனி சங்கடமான பகுதிக்கு வருவோம். 1980களில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம், அதாவது என்.சி.இ.ஆர்.டி., பள்ளிகளில் 'சமுதாயப் பாடல்' என்ற திட்டத்தை நடத்தியது. எம்.பி.எஸ். அதற்காகவும் உழைத்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மைதானத்தில் நின்று பல மொழிப் பாட்டுகளை ஒரே நேரத்தில் பாடினார்கள். நோக்கம் தேசிய ஒருமைப்பாடு. சேர்ந்திசைக்கு இரண்டு தாய்வீடு உண்டு என்று இங்கேதான் தெரிகிறது. ஒன்று பஞ்சமும் வேலைநிறுத்தமும். இன்னொன்று அணிவகுப்பு மைதானம். முதலாவதில் பாட்டு, இல்லாத ஒரு உறவைக் கட்டப் பார்க்கிறது. இரண்டாவதில் உறவு ஏற்கனவே இருப்பதாகப் பாவனை செய்துகொண்டு அதைக் கொண்டாடுகிறது.

'வீ ஷல் ஓவர்கம்' போன பாதையைப் பாருங்கள். 1945-46இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் ஒரு பழைய கோயில் பாட்டை இழுத்து இழுத்துப் பாடினார்கள். அங்கிருந்து அது டென்னஸியின் ஹைலேண்டர் பள்ளிக்கும், 1960களில் குடியுரிமைப் போராட்டத்துக்கும் போயிற்று. இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் எழுதிய வடிவம் நம் பள்ளிகளில் காலைப் பிரார்த்தனைப் பாட்டாகிவிட்டது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒரே சுருதியில் பாடுகிறார்கள். யாரை வெல்லப் போகிறோம் என்று எந்த வாத்தியாரும் சொல்வதில்லை. வேலைநிறுத்தம் கழன்று போயிற்று, வரிசை மட்டும் மிச்சம்.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த விஷயம் இன்னும் கசப்பானது. 1990களின் தொடக்கத்தில் காமராஜர் மாவட்டமாக இருந்தபோது அறிவொளி இயக்கம் நடந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவிளக்கடியில் பெண்கள் ஸ்லேட்டோடு உட்கார்ந்தார்கள். வகுப்பு பாட்டோடுதான் தொடங்கும், பாட்டோடுதான் முடியும். கலைக்குழுவினர் தப்பும் உறுமியுமாக ஊர் ஊராகப் போனார்கள். முடுக்குக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்கிற பெண்கள் ஒரே பாட்டைப் பாடிய அபூர்வமான மாதங்கள் அவை. எங்கள் வீட்டுப் பெரிய பொம்பளைகளுக்கு அந்தப் பாட்டுகள் இன்றும் மறக்கவில்லை.

அப்புறம் 1995இல் கொடியன்குளம். 1997இல் விருதுநகரில் தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரம் பற்றி எரிந்தது. உயிர்கள் போயின. அரசு செய்த தீர்வு என்ன? அதே ஆண்டு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் நீக்கியது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. ஒரு குரலைப் பக்கத்தில் கேட்கச் சகிக்காதபோது எல்லாக் குரலையும் அணைத்துவிடுவது. பகையைத் தீர்க்க நமக்குத் தெரிந்த ஒற்றுமை இவ்வளவுதான்.

ஐந்தாறு வருஷம் முன்னால் சேர்ந்து பாடிய பாட்டு இதைத் தடுத்ததா என்றால், தடுக்கவில்லை. மாதரியின் குரவையும் தடுக்கவில்லை. ஏழு பெண்கள் ஏழு நரம்பாக நின்று ஆடி முடித்த கையோடு வருகிற சேதி, மதுரையில் கோவலன் வெட்டுண்டான் என்பது. இளங்கோ அந்தக் காதையை அங்கே வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பாட்டு கொலையை நிறுத்தும் என்கிற மூடநம்பிக்கையிலிருந்து சேர்ந்திசைக்காரர்கள் விடுபட வேண்டும்.

5

பின் எதற்குப் பாடுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தந்தவர் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் (1940-2005). மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தவர். தமிழ்ச் சீர்திருத்தச் சபையில் இரண்டு புத்தகங்கள் உண்டு. பாமாலை, மேற்கத்திய மெட்டு. கீர்த்தனை, கர்நாடக மெட்டு. ஒன்று வெள்ளைக்காரத் துரை பாடியது, மற்றது உயர்சாதித் தமிழ். சபையில் பெரும்பான்மையான தலித் மக்களின் சொந்தப் பாட்டுக்கு அங்கே புத்தகமே இல்லை. அப்பாவு நாட்டார் மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பது என்ற படிமத்தை மையமாக வைத்தார். அவர் வலியுறுத்திய ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாட்டார் பாட்டை, பாடுகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம். அது யாருடைய காப்புரிமையும் அல்ல. கே.ஏ. குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு செய்ததும் இதன் இன்னொரு பக்கம். அங்கே பாட்டோடு பாட்டுக்காரனும் மேடையேறினான்.

பாட்டுக்காரன் மேடையேறுவது லேசில்லை. சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ் (1886-1940) வேஷம் கட்டியபடியே மேடையில் உயிரைவிட்ட பெரிய பாடகர். அவர் பாட்டைக் கேட்க ஊரே திரண்டது. அவர் மருத்துவர் சாதி என்று சொல்லி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். குரல் வேண்டும், ஆள் வேண்டாம்.

எங்கள் குழுவிலும் இது நடந்தது. ஜார்ஜியப் பாட்டை எல்லோரும் ஆசையாகக் கற்றுக்கொண்டோம். அர்த்தம் தெரியாத மொழி, மூன்று வாரம் நாக்கைப் புரட்டிப் பழகினோம். தெற்குத் தெரு ஒப்பாரி ஒன்றை நான் கொண்டுவந்தபோது மட்டும் தயக்கம். "சாவுப் பாட்டு வேண்டாமே" என்றார்கள். பிறகு ஒப்புக்கொண்டார்கள், பறை இல்லாமல், மூக்கைச் சிந்தாத சுத்தமான குரலில். கேட்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகில் நானும் மயங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடல் தாண்டிய மற்றமையை நேசிப்பது சுலபம். முடுக்கு தாண்டிய மற்றமைதான் தொண்டையில் சிக்குகிறது. 'பல பண்பாடுகளின் பாட்டு' என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டபோது எங்கள் ஊரின் இன்னொரு வட்டம் அந்தப் பட்டியலில் ஒரு பண்பாடாகக்கூட இல்லை.

ஆகவே சேர்ந்திசையை ஒற்றுமையின் உருவகமாக்கி மாலை போடுவதை நிறுத்துவோம். ஒற்றுமை என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் ஒரே மெட்டை எல்லோர் வாயிலும் வைப்பது. ஹார்மனி கேட்பது அதையல்ல. பகை நரம்பு பகை நரம்பாகவே இருக்கட்டும், பக்கத்தில் நிற்கட்டும், நான் வழுக்கி அதுவாகிவிடாமலும் அதை அமுக்கிவிடாமலும் என் மெட்டைப் பிடித்திருக்கிறேனா என்பதே சோதனை. இது காதுக்கான பயிற்சி. கொலையைத் தடுக்காது. ஆனால் பக்கத்துக் குரலைக் கேட்டதும் பெயர்ப்பலகையை அழிக்கத் தோன்றுகிற காதை அது கொஞ்சம் மாற்றக்கூடும். அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: வரிசையில் யார் நிற்கிறார்கள்?

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தபோது அந்த இன்னொரு வட்டத்தின் முன்பாட்டுக்காரியைப் பார்த்தேன். என் அம்மா வயது. மதுரைக் குழுவைப் பற்றிச் சொல்லி, "ஒரு நாள் வந்து எங்களுக்குச் சொல்லிக் குடுங்கக்கா" என்றேன். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் அந்த வயதுக்காரியைச் சித்தி என்றோ மதினி என்றோ முறை சொல்லித்தான் கூப்பிடுவோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கிளை நரம்புக்குரிய சொல் என் வாயில் வரவில்லை. அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வாரேன். ஒங்க எடத்துக்கு எங்களைக் கூப்பிடுதீக, சரி. நாளைக்குச் சாயங்காலம் எங்க தெருவுல கும்மி இருக்கு. நீங்க வாரீகளா?"

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஆண்டாளின் பாவைப் பாட்டில் பத்துப் பாட்டு, வராத பெண்களின் வாசலில் போய் நின்று எழுப்புவது. தனக்கு முன்னால் எழுந்தவளாக அவள் தன்னை வைத்துக்கொள்கிறாள். எழுப்பப்பட வேண்டியவள் நான்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த பங்குனிக்கு என்ன செய்யப்போகிறேன் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மதிப்பு இருக்கிறது.